நூறு நீ

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது என் உத்தியோகம்.
மினாஸ் மலைகளின் மடிப்பில் ஒரு சிறை.
கம்பி வைக்காத ஜன்னல் என் அறைக்கு மட்டும்.
தப்பும் திட்டம், தேதி, வரைபடம்,
இவற்றைத் தேடத்தான் சம்பளம்.
அகப்படுவதென்னவோ
பல்வலியும் வாடகை பாக்கியும்.

ஜெனிவால்டோவின் முதல் கடிதத்தை
மேசையில் எறிந்துவிட்டு வாண்டர்லேய் சொன்னார்:
"இது சங்கேதம்.
இத்தனை பிழை எவனுக்கும் தானாக வராது."

பெயரிலேயே ஆரம்பம்.
பதிவேட்டில் 'ஜே', கையெழுத்தில் 'ஜோட்டா'.
வாயில் ஒன்று, தாளில் இரண்டு.
காலைக் கணக்கெடுப்பில்
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்கிறான்.

'செலா' என்பதற்கு 'ஸே' போட்டால் சிறைக்கூடம்.
'எஸ்' போட்டால் குதிரைச் சேணம்.
"ஒரே சேணத்தில் ஏழு பேர் படுக்கிறோம்,
மழை வந்தால் சேணம் ஒழுகுகிறது"
என்று எழுதியிருந்தான்.
சிவப்புப் பென்சிலோடு
அந்தக் குதிரையை இரண்டு நாள் தேடினேன்.

லுசினெய்டேயின் பதில் அதைவிட மோசம்.
தைப்பதும் வேகவைப்பதும் எங்களுக்கு ஒரே ஓசை,
நடுவில் ஓர் எழுத்துதான் வேறு.
"பையனின் பள்ளிச் சட்டையை வேகவைத்தேன்,
முழங்கையில் கிழிந்திருந்தது."

"சட்டை என்றால் என்ன?" என்றார் வாண்டர்லேய்.
சட்டை என்றால் சட்டை என்றேன்.

பிறகு, ஜூலைக் குளிரில் அந்தக் கடிதம்.
'செங்' என்று ஒரு சொல் உண்டு.
எஸ் போட்டால் 'இல்லாமல்',
ஸே போட்டால் 'நூறு'.
நீ இல்லாமல் என்று எழுதப் போனவன்
தாள் முழுக்க இப்படி எழுதியிருந்தான்:

நூறு நீ தூக்கம் வருவதில்லை.
நூறு நீ ஞாயிறு முடிவதில்லை.
நூறு நீ, லுசினெய்டே, நான் என்ன செய்ய?

வட்டம் போடக் கை எழவில்லை.
முத்திரை குத்தி அனுப்பினேன்.
என் வீட்டிலும் ஒருவர் இல்லை.
அதுவரை அவரை
ஒன்று என்றே எண்ணியிருந்தேன்.

சிறைக்குள் பள்ளிக்கூடம் உண்டு.
பன்னிரண்டு மணி நேரம் படித்தால்
தண்டனையில் ஒரு நாள் கழியும்.
அவனும் சேர்ந்தான். கடிதத்துக்குள் பாடம் வந்தது:

"இரண்டு உயிர்களுக்கு நடுவே
எஸ் தனியாக நின்றால்
அதன் குரல் நடுங்கி இஸட் ஆகிவிடுமாம்.
நடுங்காமலிருக்க
பக்கத்தில் இன்னொரு எஸ் வேண்டுமாம்.
கேட்டதும் உன் நினைப்பு.
வால் வைத்த ஸே இருக்கிறதே,
அது எந்தச் சொல்லுக்கும் முதலில் நிற்காதாம்.
சோற்று வரிசையில் என்னைப் போல.
பயணம் என்பதற்கு ஜே.
நீயும் பையனும் பயணம் வர வேண்டும்
என்று கேட்பதற்கு ஜோட்டா.
ஜோட்டா போட்டுக் கேட்கிறேன், பார்."

வந்தார்கள். பேருந்தில் ஒன்பது மணி நேரம்.
ஜன்னல் வழியே அவளுடைய குடை மட்டும் தெரிந்தது.

நவம்பர்க் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.
சேணம் கூடமாகிவிட்டது, குதிரை போய்விட்டது.
கையெழுத்தும் பதிவேடும் ஒத்துப்போயின.
"சுத்தம்" என்றார் வாண்டர்லேய்.
கடைசி வரியில் ஒரே ஒரு தடவை,
எஸ் போட்டு, 'நீ இல்லாமல்'.
அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்திருந்தது.
அழித்திருக்கிறான்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
அடியில் ஸேயின் வளைவு.

அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.
வியாழக்கிழமை பதில் வந்தது.
நூறு நீ கூரை ஒழுகுகிறது என்கிறாள்.
பழைய சட்டை பையனுக்குச் சிறிதாகிவிட்டதாம்,
புதிதாக ஒன்று வேகவைக்கிறாள்.